நாழிகை அறிந்த இனம் மணிக்கணக்கில் இடறுவதா?

பட்டாசு வெடிக்கத்தக்க நேரம் இத்துணை என்று 2018 அக்டோபர் 23 அன்று இந்திய ஒன்றியத்தின் உச்ச நயன்மன்றம் வரையறுத்தது. தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரை; கிறித்துமசு, ஆங்கிலப் புத்தாண்டு ஆகியவற்றின்போது இரவு 11.55 முதல் 12.30 வரை. ஒரு கிழமை கழித்து, தமிழகம் தனக்குரிய இரண்டு மணி நேரத்தைத் தானே தெரிந்துகொள்ள இசைவு கிடைத்தது. காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை எனத் தமிழக அரசு வகுத்தது. வரம்பு கடந்து வெடித்தோர்மேல் காவல்துறை வழக்குப் பதிந்தது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் ஆகிய ஊர்களைச் சுற்றி, ஆண்டு முழுதும் மருந்தடைத்தும் திரி வைத்தும் பிழைக்கும் குடும்பங்களின் சோறு ஒரு மணிக்கணக்குக்குள் அடைபட்டது.

அத் தீர்ப்பிலுள்ள 11.55, 12.30 என்னும் இரண்டு எண்களையும் அவ்வட்டாரத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து, இடைப்பட்ட நேரம் எவ்வளவு என்று கேட்டால் என்ன விடை வரும்? வெறுங் கழித்தற் கணக்காக எண்ணும் பிள்ளை, 12.30-இலிருந்து 11.55-ஐக் கழித்து 0.75 என்று எழுதும். ‘75 நிமையம்’ என்று சொல்லும். பாடநூல்கள் ‘நிமிடம்’ என்பதையே தனித்தமிழார் நிமையம் என்பர். மணித்துளி என்பாரும் உளர். உண்மை விடை 35 நிமையமே. மிகையாக முளைத்த 40 நிமையம் எங்கிருந்து வந்தது? ஒரு மணியைக் கடன் வாங்குங்கால் அதனை அறுபதாகப் பிரிக்காமல் நூறாகப் பிரித்ததனால் வந்தது.

இப் பிழை உலகெங்கும் இளஞ்சிறார் செய்யும் பிழையே. ஆயினும் பிற நாட்டுப் பிள்ளைக்கு இல்லாத மருந்து தமிழ்ப் பிள்ளைக்கு அதன் தாய்மொழியிலேயே இருக்கின்றது. அம் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே, அதனை மறைத்துவிட்டு, அயன்மொழியில் நெட்டுருப் போடச் செய்வதுதான் இன்றைய கல்வி. கேடு அங்கேதான் தொடங்குகின்றது.

அறுபது என்னும் அளவு தமிழர்க்குப் புதியதன்று. பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாளை அறுபது நாழிகையாகவும், ஒரு நாழிகையை அறுபது விநாழிகையாகவும் பகுத்து வாழ்ந்தவர் தமிழர். சிறுபொழுது ஆறு; ஒவ்வொன்றும் பத்து நாழிகை. நீர்க்கடிகையைக் கொண்டு பொழுதளந்து அரசனுக்கு அறிவித்த நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டு காட்டுகின்றது. எழுத்தொலியின் மாத்திரையைக் கண்ணிமையாலும் கைந்நொடியாலும் அளந்து காட்டியது தொல்காப்பியம். இமைப்பொழுதும் நொடிப்பொழுதும் இலக்கணத்தின் வாயிலிலேயே அளவாக நின்ற மொழி இது.

நாழிகைக்கும் மணிக்கும் உள்ள உறவு மிக எளியது. ஒரு நாழிகை 24 நிமையம். இரண்டரை நாழிகை ஒரு மணி. ஏழரை நாழிகை ஒரு சாமம். அஃதாவது மூன்று மணி, அல்லது 180 நிமையம். அதே இரண்டரைதான் கீழேயும் வரும்: இரண்டரை விநாழிகை ஒரு நிமையம். மேலே கற்ற கணக்கு கீழேயும் பொருந்துவதைக் காணும் பிள்ளை, அறுபதை அஞ்சாது. நாட்டுப்புறத்துப் பாட்டியர் ‘ஒரு நாழி பொறு’ என்று இன்றும் சொல்லும் சொல்லுக்குள் 24 நிமையம் அடங்கிக் கிடக்கின்றது என்பதை எந்த ஆசிரியர் இன்று சொல்லித் தருகின்றார்?

அறுபதை முன்னோர் பிடித்துக்கொண்டது குருட்டுத்தனமன்று. அறுபது 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 ஆகிய எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். நூறு மூன்றாலும் வகுபடாது; ஆறாலும் வகுபடாது. பாபிலோனியரும் அறுபதின் அடிப்படையிலேயே எண்ணினர். பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793-இல் நாளைப் 10 மணியாகவும், மணியை 100 நிமையமாகவும் பகுத்துச் சட்டமே இயற்றினர். மக்கள் அதனை ஏற்கவில்லை. 1795-இல் அரசே அதனைக் கைவிட்டது. ஒரு பேரரசால் இயலாததை, நாலாம் வகுப்புப் பிள்ளை தன் கழித்தற் கணக்கில் நாள்தோறும் செய்து பிழைபடுகின்றது.

அடுத்து, நேரத்தைச் சொல்லும் முறையைக் காண்க. ஐந்தேகால், ஐந்தரை, ஐந்தேமுக்கால் என்று தமிழ் முன்னோக்கியே செல்லும். ஐந்தும் முக்காலும் என்று கூட்டினாற் போதும்: ஐந்து மணிக்கு 300 நிமையம், முக்காலுக்கு 45, ஆக 345. சொல்லே கணக்காக இருக்கின்றது. ஆங்கிலமோ ஐந்தேமுக்காலைக் ‘குவார்ட்டர் டு சிக்சு’ என்று பின்னோக்கி இழுக்கும். ஆறு வருவதற்குக் கால் குறைவு என்று பொருள் பிரித்து, ஆறிலிருந்து பின்வாங்கி, ஐந்தைக் கண்டுபிடித்து, அதன்பின் 45-ஐச் சேர்க்கவேண்டும். வீட்டில் ‘ஐந்தேமுக்கால்’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளையைப் பள்ளியில் பின்னோக்கி நடக்கச் செய்துவிட்டு, பிள்ளை மந்தம் என்று பழிப்பது எவ்வகை நேர்மை?

காலுக்குக் கீழும் தமிழுக்கு அளவுச்சொற்கள் உண்டு. ஒருமா என்பது இருபதில் ஒன்று. ஒரு மணியில் ஒருமா 3 நிமையம். இருமா 6 நிமையம். நான்மா 12 நிமையம். அரைக்கால் ஏழரை நிமையம். மாகாணி மூன்றேமுக்கால் நிமையம். இவற்றுள் இருமாவை மட்டும் நினைவிற் கொண்டாலே பெருங்குழப்பம் ஒன்று தீரும். புள்ளியிட்டு எழுதும் பதின்ம எண்ணில் 0.1 மணி என்பது இருமாவே, 6 நிமையமே. ஆகவே 1.5 மணி என்பது ஒரு மணி 5 நிமையமன்று. ஒரு மணி 50 நிமையமுமன்று. ஐந்து இருமா, அஃதாவது 30 நிமையம் சேர்ந்த ஒன்றரை மணி.

கற்பிக்கும் முறை அரியதன்று. முதலிற் பிள்ளை ஐந்தைந்தாக அறுபது வரை எண்ணட்டும். பின் அறுபதாம் வாய்பாட்டை வாய்விட்டுச் சொல்லட்டும்: 60, 120, 180, 240, 300. மணியை நிமையமாக்க அறுபதாற் பெருக்குக. நிமையத்தை மணியாக்க அறுபதால் வகுக்க. ஈவு மணி, மீதி நிமையம். 200 நிமையத்தை வகுத்தால் ஈவு 3, மீதி 20. விடை 3 மணி 20 நிமையம். மீதியைப் புள்ளிக்குப்பின் எழுதிப் பதின்மமாக்குதல் கூடாது. கழித்தலில் கடன் வாங்கும் ஒரு மணியை அறுபதாக மாற்றி எழுதுக. 12 மணி 30 நிமையம் என்பது 11 மணி 90 நிமையம். அதிலிருந்து 11 மணி 55 நிமையம் போக 35. இவ்வளவே. இதனைத் தமிழிற் சொன்னால் ஒரு கிழமையில் விளங்கும்.

சிவகாசி வட்டாரத்துப் பிள்ளைக்கு இதற்கான துணைக்கருவிகள் வீட்டிலேயே உள்ளன. தமிழகத்துச் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளில் மிகப் பல அங்குதான் அச்சாகின்றன. அத் தாளில் இராகுகாலம் 7.30 முதல் 9 வரை என்றிருக்கும். அது குருட்டு நம்பிக்கை என்று பகுத்தறிவாளர் தள்ளுவர், தள்ளுக. ஆனால் அந்த ஒன்றரை மணியை 90 நிமையமாக்கும் கணக்கைத் தள்ளவேண்டியதில்லை. தீப்பெட்டித் தொழிலில் ‘குரோசு’ என்று வழங்கும் 144-இன் கணக்கும் அவ்வூர்ப் பிள்ளைக்குக் கேட்டுப் பழகியதே. பத்துக்கும் நூற்றுக்கும் அப்பாலும் அளவுகள் உண்டு என்பதை அதன் தாய் கைவேலையிலேயே காட்டியிருக்கின்றாள்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று, கூலிக் கணக்கு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 9 மணிக்கும் கிழமைக்கு 48 மணிக்கும் மிகாமல் வைத்தது. மிகைநேரத்திற்கு இருமடங்குக் கூலி என்றது. எடுத்துக்காட்டாக, ஒரு தொழிலாளி காலை 8 மணிக்குப் புகுந்து மாலை 6.15-க்கு வெளியேறுகின்றாள், இடையில் ஓய்வு 45 நிமையம். அவள் உழைத்தது ஒன்பதரை மணி. அதனைக் கணக்கன் 9.30 என்று எழுதி, 9.3 என்று பெருக்கினால் என்ன ஆகும்? 9.3 மணி என்பது 9 மணி 18 நிமையமே. நாளொன்றுக்கு 12 நிமையம் பறிபோயிற்று. 25 நாளில் 300 நிமையம். அஃதாவது 5 மணி. இருமடங்குக் கூலி என்பதால், பத்து மணி நேரக் கூலி. ஒரு நாட்கூலிக்கும் மேலான தொகை, ஒரு புள்ளியில் ஒழுகிப்போயிற்று. கணக்கன் வேண்டுமென்றே செய்தானா, அறியாமற் செய்தானா என்பது வேறு. கேட்கத் தெரிந்தவளுக்குத்தான் அது திரும்பக் கிடைக்கும். அவள் மகளாவது கேட்கக் கற்கவேண்டாவா?

அம் மண்ணின் பிள்ளைகள் நேரத்தை இழந்த வரலாறு நெடிது. 1970-களிலும் 1980-களிலும், பள்ளி மணி அடிக்குமுன்பே தொழிற்சாலைப் பேருந்தின் ஒலி சிற்றூர்களில் கேட்டது. விடியுமுன் ஏற்றிச் செல்லப்பட்ட சிறுவர் சிறுமியர் இருட்டியபின் இறக்கிவிடப்பட்டனர். காலை 5 மணிக்கு ஏறி இரவு 7 மணிக்கு இறங்கிய பிள்ளை என்று வைத்துக்கொண்டால், அதற்குப் போனது 14 மணி, 840 நிமையம், முப்பத்தைந்து நாழிகை. பதினான்கு அகவை நிரம்பிப் பதினைந்து நிரம்பாத சிறுவரை நாளொன்றுக்கு நாலரை மணிக்கு மேல் தொழிற்சாலையில் வேலைவாங்கலாகாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தது. பதினான்குக்குக் குறைந்தோரைச் சேர்க்கவே கூடாது என்றது. சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. நாலரை மணி என்பது 270 நிமையம் என்று அப் பிள்ளைக்குச் சொல்லுவாரும் இல்லை. சொன்னாற் கேட்க அது பள்ளியிலும் இல்லை.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச்சட்டம் வந்தது. சிவகாசிச் சிறாரைப் பற்றிய வழக்கில் 1996 திசம்பர் 10 அன்று, இடர்த்தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 உருபா செலுத்தவேண்டும் என்று உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்குக்குக் குறைந்தோரை எத் தொழிலிலும் அமர்த்தலாகாது என்றது. போராடிப் பெற்ற பயன் இது: பிள்ளை பள்ளிக்கு வந்துவிட்டது. ஆனால் வந்த பிள்ளைக்குப் பள்ளி எம்மொழியில் பேசுகின்றது? இழந்த நேரத்தை மீட்டுக்கொடுத்தவர்கள், நேரத்தை அறியும் மொழியைப் பறித்துக்கொள்வதா?

ஐந்தாம் வகுப்பு வரை தமிழே பயிற்றுமொழி என்று 1999-இல் தமிழக அரசு ஆணையிட்டது. 2000-இல் சென்னை உயர் நயன்மன்றம் அதனைச் செல்லாதாக்கியது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழை ஒரு பாடமாகக் கட்டாயமாக்கியது; பயிற்றுமொழியாக்கவில்லை. அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. தன் மொழி தன் வகுப்பறையிலேயே ஒரு பாடவேளை, நாற்பது நாற்பத்தைந்து நிமைய விருந்தாளியாகிவிட்டது.

‘உலகமெங்கும் மணியும் நிமையமுமே வழங்குகின்றன, நாழிகையும் மாகாணியும் எதற்கு?’ என்று கேட்பார் உளர். கடிகாரத்தை உடைத்தெறியச் சொல்வார் எவருமிலர். மணி என்பதே தமிழ்ச்சொல். மணியடித்துப் பொழுதறிவித்த வழக்கின் சொல். வீட்டிலிருந்து பள்ளிக்குப் பாலமிடுவதே நாழிகையின் வேலை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது கல்வியின் முதல் நெறி. அதனை மீறுவோர் முற்போக்கினர் ஆகார்.

விருதுநகர் மண், மொழிக்காகக் காலத்தை எண்ணிய மண். சங்கரலிங்கனார் 1956 சூலை 27 அன்று அங்கே உண்ணாநோன்பு தொடங்கினார். அவர் வேண்டியவற்றுள் தலையாயது, இந் நாட்டிற்குத் தமிழ்நாடு என்னும் பெயர். 76 நாள் நோன்பிருந்த அப் பெரியவர் அக்டோபர் 13 அன்று உயிர்நீத்தார். 76 நாள் என்பது 1,824 மணி, 1,09,440 நிமையம், 4,560 நாழிகை. அப் பெயர் 1969 சனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அவர் பட்டினி கிடந்த அவ்வூரின் பிள்ளை, இந்த எண்களைத் தன் மொழியிற் கணக்கிட்டு அறியவேண்டும். அதுவே அவருக்குச் செய்யும் நன்றி.

ஆகவே அரசு செய்யவேண்டியது: தொடக்கப்பள்ளியில் தமிழே பயிற்றுமொழி ஆகுக, நேர அளவைப் பாடத்தில் நாழிகைக்கும் காலரை முக்காலுக்கும் இடந்தருக, தொழிலாளரின் நேரக்குறிப்பும் கூலிச்சீட்டும் மணி வேறு, நிமையம் வேறு என்று தமிழில் எழுதப்படுக. அரசு செய்யுமளவும் பெற்றோர் காத்திருக்க வேண்டுவதில்லை. இன்றிரவே சுவர்க்கடிகாரத்தின் கீழ்ப் பிள்ளையை இருத்தி, ‘ஐந்தேமுக்கால் மணிக்கு எத்தனை நிமையம்?’ என்று தமிழிற் கேட்கட்டும். அரைக்கால் மணி போதும்.