மலைப்பாதையும் எண்கோடும்

கோடைக்கானல் மலையிலே உழைக்கும் தோழனின் மகன் மளிகைக் கடைப் பற்றுக் கணக்கை அறிந்தவன். ஐந்நூறு ரூபாய் கடனில் முந்நூறு கட்டினால் இருநூறு பாக்கி. அதை அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. அவனே வகுப்பில் (-5)+3 என்றதும் விழிக்கிறான்! ஏன்?

"குறி வேறானால் கழி, பெரிய எண்ணின் குறியைப் போடு" என்று மனப்பாடம் செய்விக்கிறார்கள். விதி பொய்யல்ல. நடந்து பார்க்கும் முன்னே விதி எதற்கு என்றுதான் கேட்கிறோம். பாடநூலிலேயே எண்கோடு இருக்கிறதே!

கோடைக்கானல் பேருந்து நிலையம் பூச்சியம் என்று கொள்வோம். பூம்பாறைப் பக்கம் மிகை, வத்தலக்குண்டுப் பக்கம் குறை. வெள்ளி அருவி ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் கீழே, அதாவது -8. அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர் மேலேறிய பேருந்து எங்கே நிற்கும்? நிலையத்தைத் தாண்டி இரண்டில். நான்கிலேயே பழுதானால்? -4இல். அருவியிலிருந்து மேலும் மூன்று இறங்கினால் -11.

நிற்கும் இடம் ஒன்று, போகும் திசை வேறொன்று. இரண்டுக்கும் ஒரே குறியைப் போடுவதால்தான் பிள்ளை குழம்புகிறான். நமக்கும் அந்த வயதில் குழம்பியதுதான்!

2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது சிறுவர்கள் ஆடிப்பாடிக் கணக்குக் கற்றதை வரவேற்றோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு கிழிக்கக் கூடாதா? பள்ளி மேலாண்மைக் குழுக்களில் அமர்ந்திருக்கும் தோழர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேட்க வேண்டுகிறோம்.