விளையாட்டு சோறு போடுமா சார்?

எதிர்வீட்டுக்காரர் போன வாரம் சாயங்காலம் கூப்பிட்டார். "சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா. பத்தாவது படிக்கிற பொண்ணு, கபடி கபடின்னு அலையுறா." போனேன். வாசற்படியில் அந்தப் பெண் உட்கார்ந்து முழங்கைக் காயத்தின் பொருக்கை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தாள். ஏழாம் நம்பர் போட்ட அவள் பனியன் பீரோவுக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் சுருட்டிக் கிடந்தது. தஞ்சாவூர்ப் புறநகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படிக்கிற ஓர் அரசுப் பள்ளியில் குறுவட்டப் போட்டிக்குத் தேர்வான பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி. அப்பா "வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

காப்பி வந்தது. கூடவே கேள்வியும் வந்தது. "விளையாட்டு சோறு போடுமா சார்?"

இந்தக் கேள்வியை அரை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் அப்பா கேட்டார், என் தலைமையாசிரியர் கேட்டார், என் மாமனார் கேட்டார். சோழ வளநாடு சோறுடைத்து என்று மார்தட்டுகிற ஊரில், எதைப் பார்த்தாலும் "இது சோறு போடுமா" என்று கேட்பதுதான் வேடிக்கை. அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே பதில் சொல்வது மரியாதை இல்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

மன்னார்குடி பஸ்ஸில் ஏறி வடுவூரில் இறங்குங்கள். ஏரிக்குப் பறவை பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆள் வருகிறார்கள். 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி அது. ஆனால் நான் சொல்ல வந்தது கபடியை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பையன்கள் கபடியில் தங்கம் வாங்கினார்களே, அந்த அணியில் இருந்த அபினேஷ் மோகன்தாஸ் வடுவூர்ப் பையன். அதே போட்டியில் பெண்கள் அணியும் தங்கம் வாங்கியது. அதில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். தமிழக அரசு இருவருக்கும் ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. சோற்றைப் பற்றிக் கேட்டீர்களே, 25 லட்சத்துக்கு எத்தனை மூட்டை பொன்னி வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். கணக்குப் பாடத்துக்குத்தானே இவ்வளவு பாடும்!

"அது லட்சத்துல ஒருத்தன் சார்" என்பீர்கள். சரி, நீட் எழுதுகிற அத்தனை பேரும் டாக்டராகிவிடுகிறார்களா? அங்கே லட்சத்தில் ஒருத்தன் என்று யாரும் சொல்வதில்லையே. அங்கே மட்டும் எல்லாப் பிள்ளையும் அந்த ஒருத்தன்.

எதிர்வீட்டுக்காரருக்கு அம்மாப்பேட்டைப் பக்கம் மூன்று ஏக்கர் இருக்கிறது. சம்பா அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போதே, ஈரம் காயுமுன், நிற்கிற பயிருக்குள் உளுந்து விதைப்பவர் அவர். நெல் மட்டுமே போட்டால் மண் செத்துவிடும், உளுந்து வேரில் சத்தைக் கட்டிவைத்து நிலத்துக்கே திருப்பிக் கொடுக்கும் என்று எனக்கே ஒரு மணி நேரம் பாடம் எடுத்தவர். வயலுக்குத் தெரிந்த இந்த நியாயம் வீட்டு வாசல்படி ஏறமாட்டேன் என்கிறது. பிள்ளைக்கு மட்டும் முப்போகமும் கணக்கு, அறிவியல், கணக்கு.

அவர் கடைசியாக வீசிய அஸ்திரம் ராமானுஜன். "நம்ம கும்பகோணத்து ராமானுஜன் கபடியா சார் ஆடினார்?" ஆடவில்லை. கணக்கைத் தவிர வேறொன்றையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதனால் என்ன ஆயிற்று? கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மற்ற பாடங்களைக் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார். சென்னைக்குப் போய் எழுதியபோதும் எஃப்.ஏ. தேறவில்லை. இன்றைக்கு அவர் நம் பள்ளியில் இருந்திருந்தால், தேர்ச்சி விழுக்காட்டைக் கெடுப்பான் என்று பத்தாவதுக்கு முன்பே டி.சி. கொடுத்து அனுப்பியிருப்போம். ராமானுஜனை இழுக்கிறவர்கள் கொஞ்சம் யோசித்து இழுக்கவேண்டும்.

எதிர்வீட்டுப் பெண்ணின் பள்ளியில் நடப்பதை நான் கண்ணால் பார்த்தேன். வியாழக்கிழமை கடைசிப் பீரியடு பி.டி. என்று அட்டவணை சொல்கிறது. மணி அடித்ததும் சாக்பீஸ் டப்பாவும் மர ஸ்கேலுமாகக் கணக்கு சார் உள்ளே வருகிறார். "கிரவுண்டுக்குப் போறவங்க போகலாம்" என்கிறார். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் பெயர் மனசில் ஏறிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சரானபின், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களை மேடையிலேயே கேட்டுக்கொண்டார். கைதட்டினோம். கடன் மட்டும் நிற்கவில்லை.

சரி, பி.டி. சார் எங்கே? அவர் காலையில் பிரேயருக்கு வரிசை நிறுத்தினார், முடி வெட்டாத பையன்களைப் பிடித்தார். விலையில்லா சைக்கிள் வந்த அன்று நட்டு முடுக்கினாரா என்று தெரியாது, ஆனால் எண்ணி அடுக்கினார். பிரமுகர் வந்தால் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவார். பந்து ஊத அவருக்கு நேரமில்லை. கலைத் திருவிழா வந்தால் கரகாட்டத்துக்கும் பறைக்கும் பொறுப்பு அவரே. பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடுகிறார்கள். ஆனால் அன்று போன பாடத்துக்குச் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு உண்டு. ஆடினதற்கு அபராதம்!

மைதானத்தைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். நான் படித்த பள்ளியின் மைதானத்தில் வாலிபால் கம்பம் நட்ட குழி இன்னும் இருக்கிறது, கம்பத்தைக் காணோம். பொருட்காட்சி, தேர்தல் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டப் பழகுகிறவர்கள் என்று எல்லாருக்கும் அது மைதானம். பிள்ளைகளுக்கு மட்டும் அது காலியிடம்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மே மாதம் போய்ப் பாருங்கள். மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கிற வழக்கத்தை அரசு 2017-இலேயே நிறுத்திவிட்டது. தனியார் பள்ளிகளின் ஃபிளெக்ஸுக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை. 500-க்கு 495 எடுத்த பிள்ளையின் பாஸ்போர்ட் படம் ஆளுயரத்துக்கு நிற்கிறது. தூங்காத கண். அந்தக் கண்ணைப் பார்த்தும் பொறாமைப்படுகிற பெற்றோரை என்ன சொல்வது? நாமக்கல் விடுதிப் பள்ளிகளைக் கோழிப்பண்ணை என்று கேலி பேசினோம். இப்போது அந்தக் கூண்டை வீட்டுக்கே வாங்கிவந்து வைத்திருக்கிறோம்.

இதே பெற்றோர்கள் பிளஸ் டூ முடிந்ததும் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடம், எம்.பி.பி.எஸ்.ஸில் 7 இடம், அரசு வேலையில் 3 சதவீதம் இருக்கிறதென்று எவனோ சொல்லக் கேட்டு, "சிலம்பம் சர்ட்டிபிகேட் ஏதாவது கிடைக்குமா சார்" என்று அதே பி.டி. சார் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். பன்னிரண்டு வருடம் மைதானத்தை மிதிக்க விடாத பிள்ளைக்கு மாநில அளவிலான சான்றிதழ் வேண்டுமாம். வடுவூரில் போய்க் கேளுங்கள், எத்தனை மாலை மண்ணில் புரண்டால் அந்தக் காகிதம் கைக்கு வரும் என்று.

வடுவூர் என்றால் கபடி மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 'மேனகா', 'திகம்பர சாமியார்' எல்லாம் எழுதி ஒரு தலைமுறையையே தூங்கவிடாமல் படிக்கவைத்த துரைசாமி ஐயங்காருக்கும் அதுதான் ஊர். எழுத்தும் கபடியும் ஒரே ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்திருக்கின்றன.

எழுந்து கிளம்பும்போது எதிர்வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார். "வெயில்ல கறுத்துப் போறா சார். நாளைக்கு எவன் வந்து கட்டிப்பான்?" அப்படி வாருங்கள். மார்க்கு, நீட், சோறு எல்லாம் மேல்பூச்சு. உள்ளே இருப்பது இதுதான். பையனாக இருந்தால் பனியன் பீரோ மேலே ஏறியிருக்காது. கண்ணகி நகரில் கார்த்திகாவை நிழலிலா வளர்த்தார்கள்?

அந்தப் பெண்ணின் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியடு. பீரியடுக்கு 45 நிமிடம். வருடத்துக்கு உத்தேசமாக 40 வாரம் என்று வைத்தால் 60 மணி நேரம். கணக்கு சார், நீங்கள் கடனாக வாங்கியது அவ்வளவு. வட்டி வேண்டாம், அசலை மட்டும் வருகிற வியாழக்கிழமையிலிருந்து திருப்பிக் கொடுக்க ஆரம்பியுங்கள். எதிர்வீட்டு சாரே, நீங்கள் அந்தப் பனியனைக் கீழே இறக்குங்கள்.