சக்கை மாட்டுக்கு, சத்து யாருக்கு?

பெட்ரோலில் கலக்க அரிசியையும் மக்காச்சோளத்தையும் எத்தனாலாகக் காய்ச்சுவது நியாயமா என்று கேளுங்கள். ஆலை முதலாளிகளிடம் பதில் தயார்! “தானியம் வீணாகவில்லை, மிச்சமெல்லாம் மாட்டுத் தீவனமாகத் திரும்பி வருகிறது” என்கிறார்கள்.

கேட்க இனிக்கிறது. கணக்குப் பார்ப்போம்.

100 கிலோ மக்காச்சோளம் ஆலைக்குள் போனால், சுமார் 38 லிட்டர் எத்தனாலும் 30 கிலோ காய்ந்த சக்கையும் வெளியே வருகின்றன. பசி தீர்க்கும் மாவுச்சத்து போயே போய்விட்டது. மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு எல்லாம் திரும்பி வந்தது என்பது, கூலி நெல் அளந்த மிராசுதாரின் கள்ள மரக்கால் கணக்கல்லவா?

சக்கை கெட்டதா? இல்லை. மாவுச்சத்து நீங்கியதால் அதில் புரதம் மூன்று மடங்கு செறிந்திருக்கிறது. நமக்குச் செரிக்காத நாரையும் அசைபோடும் பிராணி பாலாக்கும். அளவோடு கொடுத்தால் புண்ணாக்குக்கு ஈடான தீவனம்தான்.

ஆனால் தோழர்களே, புரதம் செறியும் வழியிலேயே நஞ்சும் செறிகிறது! பூசணம் பிடித்த தானியத்தில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டு. ஆலையின் கொதிப்பு அதை அழிப்பதில்லை. சக்கையில் அது சுமார் மூன்று மடங்காகிறது. பசு தின்றால் பாலில் இறங்குகிறது. மனிதர் உண்ணத் தகாத சேதமான தானியத்திலும் எத்தனால் காய்ச்சலாம் என்று 2018-ம் ஆண்டுக் கொள்கை அனுமதித்திருக்கிறது. அந்தச் சக்கை எந்தத் தொட்டிக்குப் போகிறது? பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த நஞ்சு இருக்கக்கூடாது என்பது சட்டம். அளவு மீறினால் பாலைத் திருப்பி அனுப்புவார்கள். நஷ்டம் ஒற்றை மாடு வைத்திருக்கும் கூலிக்காரிக்கு. சக்கை விற்ற காசு முதலாளிக்கு!

இது வீண் பயமா? சரித்திரத்தைப் பாருங்கள். சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நியூயார்க் நகரில், சாராய ஆலைகளை ஒட்டியே மாட்டுக் கொட்டில்கள் கட்டினார்கள். கொதிக்கும் கசடே பசுக்களுக்கு உணவு. நோயுற்ற பசுக்களின் நீலம் பாய்ந்த பாலில் சுண்ணாம்புத் தூளைக் கலந்து, “சுத்தமான கிராமத்துப் பால்” என்று விற்றார்கள். ஏழைக் குழந்தைகள் மடிந்தன. 1858-ல் பத்திரிகை ஒன்று அம்பலப்படுத்தியது. நகரசபை விசாரணைக் குழு முதலாளிகளுக்கு வெள்ளையடித்தது. ஜனங்கள் விடவில்லை; 1862-ல் தடைச் சட்டம் வந்தது. குற்றவாளி பசு அல்ல, லாபவெறி!

இங்கே நடந்ததையும் மறக்கவேண்டாம். 2023 ஜூனில் ஏழைகளின் ரேஷனுக்காகக் கர்நாடகம் கிலோ 34 ரூபாய்க்கு அரிசி கேட்டது. மத்திய சர்க்கார் மறுத்தது. அதே வேளை, இந்திய உணவுக் கழகக் கிடங்கு அரிசி எத்தனால் ஆலைகளுக்குக் கிலோ 20 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது! அடுத்த மாதம் அதை நிறுத்தினார்கள். 2024-ல் மீண்டும் கதவைத் திறந்துவிட்டார்கள்.

நாம் கேட்பது இதுதான்: கிடங்குத் தானியம் முதலில் ரேஷன் கடைக்கு! சக்கை மூட்டை ஒவ்வொன்றிலும் நஞ்சுப் பரிசோதனை முடிவை அச்சிடு! சேதமான தானியத்தின் சக்கையைக் கறவை மாட்டுக்கு விற்காதே! தீவனத்தால் பால் கெட்டால், நஷ்டஈட்டை ஆலையே கொடு!

மாட்டைக் காட்டி மனிதன் சோற்றைப் பறிக்க விடமாட்டோம்.