கடலுணவு ரிசோட்டோவும் லயத்து அடுப்பும்

‘வீட்டிலேயே எளிதாகச் செய்து பார்க்கலாம்’ என்னும் தொடர் இன்று சமையற் குறிப்பெழுதுவோரின் வாய்பாடாகிவிட்டது. வார இதழின் மகளிர் பக்கமாயினும் சரி, தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியாயினும் சரி, கடலுணவு ரிசோட்டோ என்னும் இத்தாலியச் சோற்றை அறிமுகஞ் செய்வோர் இத்தொடரைக் கூறாது விடுவதில்லை. அச்சோற்றின்மீது எமக்குப் பகை ஏதுமில்லை; எமது வழக்கு அத்தொடரின்மீதுதான். யாருடைய வீட்டில்? எந்த அடுப்பில்? எவருக்கு வாய்க்கும் எந்த அரைமணி நேரத்தில்? அட்டன், நுவரெலியாப் பகுதிகளிலே பழைய துரைமார் பங்களாக்கள் சில இன்று உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகிவிட்டன. மேனாட்டு உணவு அங்கு மேசைக்கு வருகின்றது. அங்கிருந்து கூப்பிடு தொலைவில் லயம் நிற்கின்றது. வீடென்னும் சொல் இவ்விரண்டையும் ஒருசேரக் குறிக்குமாயின், அச்சொல்லை நாம் ஐயுறவே வேண்டும்.

முதலிற் பண்டத்தை அறிவோம். வட இத்தாலியின் போ நதிச் சமவெளியில் விளையும் குறுகிப் பருத்த அரிசியே இதற்கு அடிப்படை. ஆர்போரியோ, கார்னரோலி என்பன பெயர்பெற்ற வகைகள். வெங்காயத்தை வெண்ணெயிலோ ஒலிவ எண்ணெயிலோ வதக்கி, கழுவாத அரிசியை அதிற் புரட்டி, சிறிது திராட்சை மதுவை வார்த்து, இறாலோடும் மீன்தலையும் வெந்த சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றிப் பதினெட்டு இருபது நிமிடம் அடுப்பை விட்டகலாது கிளறவேண்டும். அரிசியின் மாப்பொருள் கரைந்து சாறு தடித்து வரும்போது இறாலும் கணவாயும் மட்டியும் சேரும். இதிலே நமக்கு விளங்காத மந்திரம் ஒன்றுமில்லை. பச்சரிசியைக் குழையவிட்டுப் பொங்குபவர்க்கும், சிங்கள மக்களின் பாற்சோற்றைக் கண்டவர்க்கும் இதன் நுட்பம் பாதி தெரிந்ததே. யாழ்ப்பாணத்து ஒடியற்கூழ் இன்னும் நெருங்கிய உறவு: மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, ஒருபிடி அரிசி, தடிக்கவைக்க ஒடியல் மா. (கூழுக்கு உறைப்புண்டு, ரிசோட்டோவுக்கு அது இல்லை. எம்மைக் கேட்டால் வெற்றி கூழுக்கே.) ஆகவே இதனை ‘மேனாட்டு மோகம்’ என்று ஒரு சொல்லில் ஒதுக்குவாரோடு நாம் உடன்படுவதற்கில்லை.

இச்சோற்றின் பிறப்பிடத்தைச் சற்று உற்றுநோக்கின் மலையகத்தவர்க்கு வியப்பொன்று காத்திருக்கின்றது. போ சமவெளி வயல்களிலே களைபிடுங்கியவர் பெண்கள். ‘மொந்தினே’ என்பது அவர்க்கு வழங்கிய பெயர். பிற மாவட்டங்களிலிருந்து பருவந்தோறும் திரட்டிக் கொணரப்பட்டு, முழங்காலளவு நீரில் முதுகொடிய நின்றவர்கள். அவர்தம் கூலியின் ஒருபகுதி பணமாகவன்றி அரிசியாகவே அளக்கப்பட்டது. 1906 இல் வெர்செல்லிப் பகுதியில் எட்டுமணிநேர வேலைநாளைப் போராடிப் பெற்றவர்களும் இவர்களே. 1949 இல் வெளிவந்த ‘கசப்பரிசி’ என்னும் பொருள்படும் இத்தாலியத் திரைப்படம் இவர்களையே களமாகக் கொண்டது. நீரில் நின்ற அப்பெண்ணுக்கும் அட்டை கடிக்கும் மலைச்சரிவிற் கொழுந்து கொய்யும் நம் பெண்ணுக்கும் உள்ள உறவு இரத்த உறவன்று, கூலி உறவு. சமையற் குறிப்பிலே அரிசியின் பெயர் இருக்கும். களைபிடுங்கிய கைக்கு அங்கு இடமில்லை.

கூலியை அரிசியாக அளக்கும் வழக்கம் நம் தோட்டங்களுக்கும் புதிதன்று. கோப்பிக் காலந்தொட்டுத் தென்னிந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசி தோட்டத்திலேயே தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்டு, அதன் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. உண்ட சோறே கடனாயிற்று. கடனே அவனைத் தோட்டத்தோடு பிணித்தது. 1942 இல் பர்மா யப்பானியர் கைப்பட அரிசி வரவு குன்றியது. கோதுமை மா அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கிற்று. பின்னர் அமெரிக்க உதவித் திட்டத்தின் கீழ் வந்த மாவும், 1980 இல் திருகோணமலையில் இயங்கத் தொடங்கிய பெரும் மா ஆலையும் அவ்விடத்தை உறுதிசெய்தன. காலையிற் செல்லும் பெண் கட்டிக்கொண்டு போகும் ரொட்டியும் சம்பலும் இவ்வரலாற்றின் விளைவே. இதனை அறியாது, ‘தோட்டத்து மக்களுக்கு ரொட்டிதான் பழக்கம்’ என்று கருத்தரங்குகளிற் கூறுவாருளர். பழக்கம் என்பது விலையின் மறுபெயர் என்பதை அவர்க்கு யார் சொல்வது?

மீனின் கதையும் இத்தகையதே. இத்தீவின் எந்த மூலையும் கடலிலிருந்து நூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பால் இல்லை. நானுஓயாவுக்குப் புகையிரதம் 1885 இலேயே ஏறிவிட்டது. தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்துக்கு இறக்க அவ்வளவு விரைவாக வழிசமைத்த சமுதாயம், கடல் மீனைக் கெடாமல் லயத்து வாசலுக்கு ஏற்றுவதை ஒரு பணியாகவே கருதவில்லை. எனவே லயத்தார்க்குக் கடல் என்பது கருவாடு, நெத்தலி, சம்பளம் கிடைத்த வாரத்தில் ஒரு ரின்மீன். நகரச் சந்தையில் பனிக்கட்டியில் மீன் கிடக்கின்றது, உண்மைதான். ஆயின் நாட் சம்பளம் 2021 இல் ஆயிரம் ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டவர்களிடம், ஒரு கிலோ இறாலை ‘எளிதாக’ வாங்கிக்கொள்க என்பதற்குத் தனித் துணிவு வேண்டும். அச்சம்பளமும் பதினெட்டு, இருபது கிலோ எனத் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் கொழுந்துக் கணக்கை நிறைத்தால்தான் முழுமையாகக் கைக்கு வரும்.

எல்லாவற்றிலும் அரிதானது காலமே. விடியுமுன் எழுந்து, நீர் கொணர்ந்து, பிள்ளைகளுக்குத் தேநீரும் ரொட்டியும் ஆக்கிவைத்துப் பெரட்டுக்கு ஓடுகின்றவள், மாலை நிறுவைக்குப் பின்னரே மீள்கின்றாள். இருபது நிமிடம் ஒரு சட்டியின் முன் நின்று கிளறுவதென்பது அவளது நாளில் எந்த இடத்திற் பொருந்தும்? அடுப்போ விறகடுப்பு. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற கணக்கிற் பிறந்த காம்பராவையொட்டிய குசினியில் புகைக்கு முறையான போக்கிடம் பெரும்பாலும் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் நூறு பாகையிற் கொதிப்பதில்லை. ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆதலின் அரிசி வேகக் கூடுதல் நேரமும் கூடுதல் விறகும் செல்லும். கொழும்பில் எழுதப்படும் குறிப்பின் ‘பதினெட்டு நிமிடம்’ இங்கு இயற்கையாலேயே பொய்யாகின்றது. காசல்ரீ நீர்த்தேக்கம் 1965 இலும் மவுஸ்ஸாக்கலை 1969 இலும் தோட்ட நிலங்களை மூழ்கடித்து எழுந்தன. அந்நீர் நாட்டுக்கு மின்சாரம் தருகின்றது. கரையிலுள்ள லயத்துக் குசினியில் பெண்ணொருத்தி ஈரவிறகை ஊதுகின்றாள்.

இங்கே இருதிறத்தார் எம்மை மறுப்பர். முதற்றிறத்தார் போசாக்கு நிபுணர். தாய்மார்க்குச் சமையலறிவு ஊட்டினால் எல்லாம் சீராகும் என்பது அவர் கொள்கை. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமற்றவர் நாடு முழுவதிலும் ஏறக்குறைய 17 சதவீதம். தோட்டத்துறையில் ஏறக்குறைய 32 சதவீதம். இவ்விடைவெளி அறியாமையால் விளைந்ததெனின், அறியாமை ஏன் தோட்ட எல்லையில் வந்து நிற்கின்றது? 1974 இல் தோட்டத்துறையின் இறப்பு வீதம் திடீரென உயர்ந்ததும் தாய்மார் திடீரெனச் சமையலை மறந்ததனாலா? நெத்தலியைத் தலையோடு வறுத்து, முருங்கைக்கீரையோடு சேர்த்து, இருக்கும் மாவைக்கொண்டு ஐந்துபேரின் பசியாற்றுகின்றவளுக்குச் சமையல் கற்பிக்க முனைவது அறிவாகாது.

மற்றத் திறத்தார் நம் தோழர்கள். ‘சம்பளத்தைப் பேசுக, இறாலைப் பேசாதீர், பசித்தவனிடம் சுவை பேசுவது பூர்ஷுவாப் பண்பு’ என்பர். இக்கூற்று முற்போக்குப் போலத் தோன்றினும் துரைத்தனத்தின் எண்ணத்தையே மறுவாய்ப்படுத்துகின்றது. தொழிலாளிக்கு வயிறு மட்டுமே உண்டு, நாக்கு இல்லை என்று முதலிற் கணக்கெழுதியவன் அரிசியை அளந்து கொடுத்த துரையே. மாரியம்மன் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் கடன்பட்டேனும் நல்ல சமையல் ஆக்கும் மக்களிடம் சுவையுணர்வு இல்லையெனல் கண்ணிருந்தும் காணாமை. சம்பளப் போராட்டம் கலோரிக்கான போராட்டமாக மட்டும் சுருங்குமாயின், அடுத்த பேச்சுவார்த்தையில் இன்னுமொரு மூடை கோதுமை மாவைத் தந்து அதனை முடித்துவிடலாம்.

ஆகவே குறிப்பெழுதுவோரிடம் எமக்கொரு கோரிக்கை உண்டு. கடலுணவுச் சோற்றைத் தாராளமாக எழுதுங்கள். இறக்குமதி அரிசிக்குப் பதில் பச்சரிசியையும், இறால் கிட்டாவிடத்து நீர்த்தேக்கத்துத் திலாப்பியாவையும் நெத்தலித்தலைச் சாற்றையும் சொல்லுங்கள். ஆயின் தேவையான பொருள்கள் என்னும் பட்டியலில் வெங்காயத்துக்கு மேலே இவற்றையும் சேர்த்து அச்சிடுங்கள்: விறகு இத்தனை, தடையற்ற நேரம் இத்தனை, புகைபோக்கியுள்ள குசினி ஒன்று, நாட் சம்பளத்தில் இத்தனை பங்கு. பட்டியல் அவ்வாறு வெளிவந்தபின், ‘எளிதாக’ என்ற சொல்லை அதன் தலைப்பில் இடுவதா விடுவதா என்பதை எழுதுபவரே தீர்மானித்துக்கொள்ளட்டும்.