அழித்துவிடுங்கள் என்று சொல்ல நீங்கள் யார்?

காசு கொடுத்து வாங்கினேன். ஓசியில் இறக்கவில்லை, திருட்டுப் பிரதி போடவில்லை. ரிச்சி தெருவில் பில் போட்டு, ஜிஎஸ்டி கட்டி, அட்டைப்பெட்டியோடு வாங்கிய ஆன்டிவைரஸ். அதை ஏற்றி ரீஸ்டார்ட் கொடுத்த பிறகு என் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. நீலத் திரை, அப்புறம் கறுப்புத் திரை, பழுது பார்க்கிறேன் என்று ஒரு வரி, மறுபடியும் நீலத் திரை. விற்ற கம்பெனிக்குப் போன் போட்டால் எந்தப் பதற்றமும் இல்லாத ஒரு குரல் சொல்கிறது: "ஃபார்மட் பண்ணிடுங்க சார், சரியாயிடும்."

எது சரியாகும்? அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், ஒற்றை அறையில் டிடிபி கடை நடத்துகிறவன் நான். கல்யாணப் பத்திரிகை, சஷ்டியப்தபூர்த்தி அழைப்பிதழ், மார்கழி சீசனுக்கு சபாக்கள் போடும் நிகழ்ச்சி நிரல், ஸ்லோகப் புத்தகம், இதுதான் பிழைப்பு. இதில் பாதி, பேஜ்மேக்கரில் பழைய தமிழ் ஃபான்ட்டுகளில் அடித்தது. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ் ஃபான்ட் விற்றவர்கள் ஆளுக்கொரு குறியேற்றம் வைத்திருந்தார்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999-ல் இதே சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி, தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியேற்றங்களையும் அறிவித்தது. ஆனால் பழைய பைல்கள் பழையபடியேதான் இருக்கின்றன. அந்தந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் 'ஸ்ரீ' இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ கிறுக்கல் நிற்கும். எனக்கு ஃபான்ட் விற்றவர் தொழிலை விட்டே போய்விட்டார். டிஸ்கை ஃபார்மட் செய்தால் அந்த லைசென்ஸை மறுபடி யாரிடம் போய்க் கேட்பேன்?

எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டு வாத்தியார் மாமி, தன் குருவிடம் பாடமான கீர்த்தனைகளை ஸ்வரக் குறிப்போடு புத்தகமாகப் போட என்னிடம் தந்திருந்தார். ஸ்வரம் அடிப்பது சாதாரண டைப்பிங் இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளி மேலேயா கீழேயா, கோடு ஒன்றா இரண்டா, தாளம் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். மாமி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடிக் காட்டுவார். "இல்லேப்பா, அங்கே க இல்லே, கா. நெடில்." இப்படி எழுத்து எழுத்தாக உட்கார்ந்து செய்த வேலை அது. அதைத்தான் அந்தக் குரல் ஒரே வார்த்தையில் அழிக்கச் சொன்னது.

"பேக்கப் வெச்சிருக்கணுமே சார்" என்று அடுத்த பாட்டு. வைத்திருக்கிறேன். தனி டிஸ்கில் நகல் இருக்கிறது. ஆனால் நகல் எடுத்த பிறகு செய்த திருத்தங்கள் அதில் எப்படி இருக்கும்? உடைத்தவர் நீங்கள். உடைந்ததை ஒட்ட வழி சொல்லாமல், இழந்தவனிடம் கணக்குக் கேட்கிறீர்கள். இந்தப் பேச்சுதான் எனக்கு ஆறவே இல்லை.

இது எனக்கு மட்டும் வந்த கஷ்டம் என்றால் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். உலகமே ஒரு வெள்ளிக்கிழமை இதே கதியில் நின்றதே! 2024 ஜூலை 19. நம் நேரப்படி காலை 9.39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க கம்பெனி தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சின்ன அப்டேட் அனுப்பியது. இந்தியாவில் ஆபீஸ் திறக்கிற நேரம். மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் சுருண்டன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். இண்டிகோ மட்டும் ஏறத்தாழ 200 விமானங்களை ரத்து செய்தது. பத்து வங்கி, நிதி நிறுவனங்களில் சிறு பாதிப்பு என்று ரிசர்வ் வங்கி அன்றைக்கே அறிக்கை விட்டது. வெளிநாடுகளில் ஆஸ்பத்திரிகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப் போட்டன.

காரணம் என்ன தெரியுமா? அந்த மென்பொருளின் ஒரு பகுதி 21 தகவல்களை எதிர்பார்த்தது, அதற்குக் கொடுக்கப்பட்டவை 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடிப் போய், தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டு விழுந்தது. அனுப்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டிய நிரலிலேயே பிழை இருந்ததால் அது கண்டுபிடிக்கவில்லை. கம்பெனியே ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது இது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், முதலில் கொஞ்சம் பேருக்கு அனுப்பிப் பார்த்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

சாதாரண மென்பொருள் கெட்டால் அது மட்டும் மூடிக்கொள்ளும். பேஜ்மேக்கர் எத்தனையோ முறை என்னிடம் அப்படி மூடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் அசையாது. ஆன்டிவைரஸ் அப்படி இல்லை. வைரஸ் முந்திக்கொள்ளக் கூடாது என்பதற்காக அதன் டிரைவர் கம்ப்யூட்டர் எழும்போதே, கெர்னல் என்கிற அடித்தளத்தில் ஏறிவிடுகிறது. அங்கே தவறினால் மொத்த இயந்திரமும் விழும். மறுபடி எழுப்பினால் அதே டிரைவர் முதலில் வந்து மறுபடி விழ வைக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் 78 நிமிஷத்தில் அப்டேட்டைத் திரும்பப் பெற்றது. அதற்குள் விழுந்த கம்ப்யூட்டர் நெட்டோடு சேர்வதற்குள்ளேயே மறுபடி விழுந்தால், திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்? ஆள் போய், ஒவ்வொன்றாகத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது.

எப்படி எழுப்பினார்கள்? இதைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். விண்டோஸை அத்தியாவசியப் பகுதிகளோடு மட்டும் எழுப்பும் சேஃப் மோடில் போய், 291 என்ற எண் கொண்ட ஒரே ஒரு பைலை நீக்கினார்கள். அவ்வளவுதான். டிஸ்குக்கு பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தவர்கள் 48 இலக்க மீட்புச் சாவியைத் தேடி அலைந்தார்கள், அது தனி வேதனை. ஆனால் அந்த 85 லட்சம் கம்ப்யூட்டர்களிலும் டிஸ்கை அழிக்கச் சொல்லவில்லை, ஒரு பைலைத்தான் நீக்கச் சொன்னார்கள். உலகத்தின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் முடக்கத்துக்கே வழி அப்படி இருந்தது என்றால், என் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் ஃபார்மட் எதற்கு? சேஃப் மோடு என்ற இரண்டு வார்த்தை அந்தக் குரலுக்குத் தெரியாதா? தெரியும். எனக்காகப் பத்து நிமிஷம் செலவழிக்க மனசில்லை.

என் கம்ப்யூட்டரும் அப்படித்தான் எழுந்தது. தெற்கு மாட வீதிப் பக்கம் சர்வீஸ் பார்க்கும் ஒரு தம்பி வந்தான். முதல் வேலையாக டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எல்லாவற்றையும் நகல் எடுத்தான். மாமியின் புத்தகம் ஒரு புள்ளி குறையாமல் இருந்தது. அப்புறம் சேஃப் மோடில் போய் ஆன்டிவைரஸை நீக்கினான், விண்டோஸ் வந்துவிட்டது. கம்பெனியின் குரல் பேச்சைக் கேட்டு அழித்திருந்தால்? நினைத்தால் இன்னும் வயிறு பற்றுகிறது. அதற்குள் தை முகூர்த்தப் பத்திரிகை வேலை ஒன்று வேறு பிரஸ்ஸுக்குப் போய்விட்டது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வீட்டுக்காரரை நான் குறை சொல்ல முடியாது. முகூர்த்தம் எனக்காகக் காத்திருக்குமா?

எதிர்பாராத விபத்து என்று எந்த ஆன்டிவைரஸ் கம்பெனியும் சொல்ல முடியாது. 2010 ஏப்ரல் 21-ல் மெக்காஃபி அனுப்பிய அப்டேட் விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த பைலையே வைரஸ் என்று பிடித்தது. உலகமெங்கும் கம்ப்யூட்டர்கள் விழுந்து விழுந்து எழுந்தன. அன்று மெக்காஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்த ஜார்ஜ் கர்ட்ஸ்தான் 2024-ல் கிரவுட்ஸ்ட்ரைக்கின் தலைவர். அதற்கும் முன்னால், 2007 மே மாதம், சைமன்டெக் சீன மொழி விண்டோஸின் பைல்களை வைரஸ் என்று ஒதுக்கி அந்தக் கம்ப்யூட்டர்களை முடக்கியது. 2010 டிசம்பரில் ஏவிஜி அப்டேட் 64 பிட் விண்டோஸ் 7-ஐ எழ விடாமல் செய்தது. இத்தனை வருஷமாக நடப்பதை வேறு என்னவென்று சொல்வது? அலட்சியம்தான்.

நஷ்ட ஈடு கேட்டேன். லைசென்ஸ் தொகையை வேண்டுமானால் திருப்பித் தருவார்களாம். மற்றதற்கு அவர்கள் பொறுப்பில்லை என்பதை நான் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டேனாம். எப்போது? பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக ஓடிய ஆங்கில ஒப்பந்தத்தின் அடியில் 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்தியபோது. அழுத்தாவிட்டால், காசு கொடுத்து வாங்கிய பொருள் ஏறாது. இதற்குப் பெயர் ஒப்புதலா? பெரியவர்கள் கதையும் இதுதான். டெல்டா விமான கம்பெனி அந்த 2024 முடக்கத்தில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்து, 50 கோடி டாலர் நஷ்டம் என்று கிரவுட்ஸ்ட்ரைக் மேல் வழக்குப் போட்டது. அவர்களுக்கும் ஒப்பந்த வரம்பைத்தான் காட்டினார்கள். ராத்திரி பகலாகச் சரி செய்த கூட்டாளிகளுக்கு கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பியது ஆளுக்குப் பத்து டாலர் சாப்பாட்டுக் கூப்பன். அதுவும் சிலருக்குச் செல்லுபடியாகவில்லை. டெல்டாவுக்கு வக்கீல் பட்டாளம் இருக்கிறது. கச்சேரி ரோட்டு சந்துக்காரனுக்கு யார் இருக்கிறார்கள்?

சட்டம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழிலில் பிழைப்புக்காக ஒரு பொருளை வாங்குகிறவனையும் நுகர்வோர் என்றே சொல்கிறது. கடைக்காரன் என்று சொல்லி நம்மைத் தள்ள முடியாது. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமே கிடையாது. நான் கொடுக்கத்தான் போகிறேன். பில், பெட்டி, நீலத் திரையின் போட்டோ, போன் பேசிய நாள், தம்பிக்குக் கொடுத்த கூலிக்கு ரசீது, எல்லாம் ஒரு கவரில் தயாராக இருக்கிறது.

மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அடையாறிலும் ஒற்றைக் கம்ப்யூட்டரை நம்பிக் கடை நடத்தும் என் தொழில்காரர்களே, யார் சொன்னாலும் ஃபார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். விண்டோஸ் எழாவிட்டாலும் பெரும்பாலும் உங்கள் பைல்கள் டிஸ்கில் பத்திரமாகவே இருக்கும். முதலில் டிஸ்கைக் கழற்றி நகல் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு சேஃப் மோடில் ஆன்டிவைரஸை நீக்கச் சொல்லுங்கள். பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியை இன்றைக்கே காகிதத்தில் எழுதி வையுங்கள். புதிய ஆன்டிவைரஸ் போடுவதற்கு முன் பழையதை முழுசாக நீக்குங்கள், இரண்டு சேர்ந்தால் மோதும். விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு கூடவே இலவசமாக வருகிறது என்பதையும் வாங்கப் போகும் முன் நினைத்துப் பாருங்கள். நஷ்டப்பட்டிருந்தால் சும்மா இருக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போன் போட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.