முகத்தாட்சணியமும் மோட்டார்க் காரும்

முன்னாளிலே மாடு வாங்கச் சென்றவர்கள் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், சுழி பார்த்தார்கள், நடக்கவிட்டும் பார்த்தார்கள். தரகன் எவ்வளவுதான் வாய்ப்பந்தல் போட்டாலும் பல் பொய் சொல்லாது என்ற துணிவு அவர்களுக்கு இருந்தது. இன்று நாம் பாவித்த மோட்டார்க் கார் வாங்கப் புறப்படுகின்றோம். காருக்குப் பல் இல்லை. ஓடிய தூரத்தைக் காட்டும் கருவி ஒன்று உண்டு. அதனைப் பின்னோக்கித் திருப்பிவைக்கும் வித்தை கைவந்தவர்களும் உண்டு. ஆகவே, பொருளைப் பார்த்து அறியவேண்டிய இடத்திலே விற்பவர் முகத்தைப் பார்த்து நம்பவேண்டியவர்களாகி விட்டோம். நமது தொல்லை அங்கேதான் தொடங்குகின்றது.

முப்பது ஆண்டுகள் ஆசிரியத் தொழில் பார்த்து ஓய்வுபெற்றபின், கைக்கு வந்த பணிக்கொடையில் ஒரு பகுதியைக் கொண்டு பழைய கார் ஒன்று வாங்க விரும்பினேன். மனைவியை மாதந்தோறும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. பஸ்ஸிலே ஏறி இறங்க அவரால் இயலவில்லை. தெருவோரத்து விற்பனைத்தலம் ஒன்றுக்குச் சென்றேன். வாசலைத் தாண்டு முன்னரே ஓர் இளைஞர் எதிர்கொண்டு வந்தார். நாற்காலி வந்தது; தேநீரும் வந்தது. நான் ஆசிரியன் என்பதைப் பேச்சோடு பேச்சாக அறிந்துகொண்டார். அதன்பின் வாய்க்கு வாய் “மாஸ்ரர்” தான்.

“மாஸ்ரர், உங்கட பிள்ளை சொல்லுற மாதிரி நினைச்சுக் கேளுங்கோ. இது ஒரு டொக்டர் ஓடின கார். ஒரு கை பாவிச்சது. காலமை ஒராள் வந்து பாத்திட்டுப் போனவர். பின்னேரம் காசோட வாறன் எண்டவர். உங்களுக்காகத்தான் வைச்சிருக்கிறன்.”

முன்பின் அறியாத என்பொருட்டு இவர் எவ்வாறு காரை வைத்திருத்தல் கூடும் என்ற வினா என் உள்ளத்தில் எழாமலில்லை. முன்கதவின் அடியிலே வர்ணம் சற்று வேறுபட்டிருந்ததையும் கண்டேன். மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்து காட்டவேண்டும் என்றேன். “அதுக்கிடையில கார் போயிடும், மாஸ்ரர்” என்றார். தேநீர்க் கோப்பை என் கையிலே இருந்தது. ஒரு மணி நேரத்தை எனக்காகச் செலவிட்டிருக்கிறாரே, எழுந்து போனால் என்ன நினைப்பார் என்று எண்ணினேன். இரண்டு இலட்சம் ரூபாய் அச்சாரம் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் நான் அழைத்துச்சென்ற மெக்கானிக், காரின் அடியிலே படுத்துப் பார்த்துவிட்டு, அது பெரிய விபத்திலே நசுங்கி ஒட்டிச் சேர்க்கப்பட்டது என்றார். அச்சாரத்தைத் திருப்பிக் கேட்டேன். முதல்நாள் கண்ட இளைஞர் அங்கே இல்லை. “அச்சாரம் திருப்பிக் குடுக்கிறதில்லை” என்றார் அங்கிருந்த மற்றொருவர். அவர் என்னை மாஸ்ரர் என்று அழைக்கவில்லை.

இதனை என் இழப்புக்கு இரங்கி எழுதவில்லை. நான் அறியாமையால் ஏமாந்திருந்தால் இக்கட்டுரைக்கு அவசியமே இல்லை. நான் ஐயுற்றேன், கண்ணாலும் கண்டேன், கண்டும் வாய் திறவாதிருந்தேன். என்னை வீழ்த்தியது முகத்தாட்சணியம்.

அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டது. பழுதான காரை அந்நாட்டார் எலுமிச்சம்பழம் என்று பரிகசிப்பர். (நாமோ கார் வாங்கிய அன்று எலுமிச்சம்பழத்தைச் சில்லின் கீழ் வைத்து நசுக்குகின்றோம்!) விற்பவர் காரின் குறையை அறிவார், வாங்குபவர் அறியார். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய இயலாதவர் நடுத்தரமான விலைதான் கொடுக்கத் துணிவார். அந்த விலைக்கு நல்ல காரை உடையவர் விற்க உடன்படமாட்டார். ஈற்றிலே சந்தையில் எஞ்சுபவை பழுதானவையே என்பது அவர் வாதம். இத்துறை ஆய்வுக்காக 2001இல் வேறிருவரோடு நோபல் பரிசினையும் பெற்றார். அவர் ஆராய்ந்தது அறிவிலுள்ள ஏற்றத்தாழ்வை. நமது சந்தையிலே கூச்சத்திலும் ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. வற்புறுத்துபவருக்குக் கூச்சம் இல்லை. வற்புறுத்தப்படுபவருக்கோ அதுவே மிகுதி.

நாட்டு நிலைமையும் வற்புறுத்துவோருக்குத் துணைநின்றது. 2020 மார்ச்சிலே அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்திலே, வாங்கிய விலையிலும் கூடுதலான விலைக்குப் பழைய கார்கள் விலைபோன விந்தையைக் கண்டோம். “இண்டைக்கு எடுக்காட்டி நாளைக்குக் கிடையாது” என்பது அன்று ஓரளவு உண்மையாகவும் இருந்தது. கப்பல்கள் மீண்டும் கார்களைக் கொண்டுவரத் தொடங்கிய பின்னரும் அந்த வசனம் மாத்திரம் விற்பனைத்தலங்களை விட்டு நீங்கவில்லை.

சட்டம் உதவாதா என்று சிலர் வினவலாம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்துக்கு அடிப்படை, வாங்குபவரே விழிப்பாயிருத்தல் வேண்டும் என்னும் பழைய கொள்கையாகும். அதற்கு விலக்குகள் உண்டு. 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் முறையிட வழி வகுத்திருக்கின்றது. முறையிடுதல் நன்றே. ஆயினும், வாய் திறந்து மறுக்கவேண்டிய வேளையில் மறுக்காதவரை எந்தச் சட்டமும் முற்றாகக் காப்பாற்றிவிடாது.

“வீட்டுவாசல் தேடி வந்தவரைக்கூட வெறுங்கையோடு அனுப்பாத மரபு எமது மரபு, மறுத்தல் பண்பாகுமா?” என்று தமிழன்பர்கள் கேட்பர். அவர்களைத் திருக்குறளின் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தை மீண்டும் புரட்டிப் பார்க்குமாறு வேண்டுகின்றேன். தம்மோடு பழகியவர் கூறியதை மறுக்க இயலாமையே கண்ணோட்டம் என்று பரிமேலழகர் விளக்கம் தருகின்றார். பழகியவர் என்ற சொல்லைக் கவனித்தல் வேண்டும். நெடுநாட் பழக்கத்தாலே விளையவேண்டிய உரிமையை ஒரு கோப்பைத் தேநீராலும் “உங்கட பிள்ளை” என்ற சொல்லாலும் ஒரு மணி நேரத்திலே உண்டாக்கிவிடுகின்றார் விற்பவர். அது பழக்கமன்று, பழக்கத்தின் போலி. அன்றியும், காரியம் கெடாமற் கண்ணோடவேண்டும் என்று வள்ளுவரே அதற்கு எல்லையும் வகுத்திருக்கின்றார். மனைவியின் மருத்துவத்துக்கென வைத்த பணத்தை அந்நியர் ஒருவரின் முகம் வாடாமைக்காகக் கொடுத்தல் எவ்வகையிலும் கண்ணோட்டமாகாது.

விற்பவர்களை ஒருங்கே பழித்தலும் நீதியன்று. மாதமுடிவிலே இத்தனை கார் விற்றாகவேண்டும் என்ற நெருக்கடியிலே வாழும் இளைஞர் பலர். நேர்மையாளரும் உளர். பின்னர் நான் கார் வாங்கியவர், “கிளச் தேய்ஞ்சு போச்சு, மாத்தவேணும். உங்கட ஆளைக் கூட்டிவந்து வடிவாப் பாத்திட்டுச் சொல்லுங்கோ” என்று தாமே சொன்னார். அவகாசம் தருபவர் நம்பத்தக்கவர். அவகாசத்தைப் பறிப்பவரிடம் ஏதோ மறைவு உண்டு. இதுவே நான் கண்ட உரைகல்.

ஆகவே, கார் வாங்கச் செல்வோர் முதல்நாள் பணத்தை வீட்டிலே வைத்துவிட்டுச் செல்க. மெக்கானிக் பார்க்குமுன் ஒரு சதமும் கொடாதிருக்க. பதிவுச் சான்றிதழிலே கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இன்னும் உளதா என்று நோக்குக. கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தை வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இராதிருக்க. இவை அனைத்தினும் மேலாக, “வேண்டாம்” என்பதை “வேண்டாம்” என்றே சொல்லுக. “பாப்பம்” என்பது நம்மவரிடையே மறுப்பு. விற்பவர் செவியிலே அது பாதி உடன்பாடு.

இதனை நான் அறுபது வயதிலே கற்றேன். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலையும் அடக்கத்தையும் கற்பித்தேன். விண்ணப்பக் கடிதமும் நன்றிக் கடிதமும் எழுதப் பழக்கினேன். மரியாதையோடு மறுத்து ஒரு கடிதம் எழுதுமாறு எந்த வகுப்பிலும் பணித்ததாக நினைவில்லை. இன்று வகுப்பறையில் நிற்கும் ஆசிரிய நண்பர்கள் அந்தக் குறையை நீக்குவாராக. மாணவர் நாளை வாங்கப்போவது காராகவும் இருக்கலாம், காணியாகவும் இருக்கலாம், வெளிநாடு செல்லும் பயணமாகவும் இருக்கலாம். எங்கேயும் ஒருவர் நாற்காலி இட்டு, தேநீர் தந்து, உறவு சொல்லி அழைக்கக் காத்திருப்பார்.