லூலுவின் கொழுப்பில் இருந்த நஞ்சு: நம்ம ஊர் டிரான்ஸ்ஃபார்மர் கணக்கு எங்கே?



2016 ஜனவரி தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் ஒரு பெண் ஓர்கா செத்துக் கரை ஒதுங்கியது. பெயர் லூலு. மீன்பிடிக் கயிற்றில் சிக்கி இறந்திருந்தது. அதோடு செய்தி முடிஞ்சிருக்கும். ஆனால் அதன் கொழுப்பைச் சோதித்தவர்கள் அதிர்ந்து போனார்கள். ஒரு கிலோ கொழுப்பில் 957 மில்லிகிராம் பிசிபி! 9 மில்லிகிராமைத் தாண்டினாலே உடம்பைப் பாதிக்கும் என்பது விஞ்ஞானிகள் வைத்திருக்கும் அளவு. இது அதைப்போல 100 மடங்குக்கும் மேல். லூலுவுக்குக் குறைந்தது 20 வயது. ஒரு குட்டிகூட ஈன்றதில்லை என்பதை அதன் சூலகமே காட்டியது.

அந்தக் கடலோரத்தில் லூலுவின் கூட்டத்தைக் கண்காணிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு குட்டியைக்கூட யாரும் பார்க்கவில்லை. இப்போது அடிக்கடி கண்ணில் படுவது இரண்டே இரண்டு கிழட்டு ஆண்கள்.

பிசிபி என்ன சாமான்? டிரான்ஸ்ஃபார்மரிலும் கெப்பாசிட்டரிலும் ஊற்றிய எண்ணெய். சூடேறினாலும் சட்டென்று தீப்பிடிக்காது, கெட்டும் போகாது. கம்பெனிகளுக்குப் பிடித்த அந்தக் குணம்தான் இன்று நமக்கு வினை. அமெரிக்கா 1979-லும், பிரிட்டன் 1981-லும் தடை போட்டன. தடை வந்து 35 வருஷம் கழித்துச் செத்த ஒரு உயிரின் உடம்பில் அது அப்படியே இருக்கு!

இது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். நுண்ணுயிரைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும், அதைச் சீல் தின்னும், சீலை ஓர்கா தின்னும். ஒவ்வொரு படியிலும் நஞ்சு கெட்டியாகுது. ஆண் ஓர்காவுக்கு அதை இறக்கி வைக்க வழியே இல்லை. பெண்ணுக்கு ஒரு வழி இருக்கு, அதுதான் கொடுமை: தாய்ப்பால். தாய் வருஷக்கணக்கில் சேர்த்த நஞ்சில் பெரும்பங்கு தலைச்சன் குட்டிக்குப் போகுது.

"திமிங்கலத்துக்குத்தானே?" என்று கேட்பவர்களுக்கு: 1980-களில் கனடாவின் கியூபெக்கில் எரிக் தேவாயி என்ற மருத்துவ ஆய்வாளர் தாய்ப்பாலைச் சோதித்தார். தொழிற்சாலையே இல்லாத வடக்கே வாழும் இனூயிட் தாய்மாரின் பால் சுத்தமாக இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தார். தெற்கத்தித் தாய்மாரைவிட 5 மடங்கு பிசிபி அதில் இருந்தது. காரணம், அவங்க காலங்காலமாகச் சாப்பிட்டு வந்த கடல் விலங்குகளின் கொழுப்பு. செய்தவன் ஒருத்தன், சுமப்பவள் இன்னொருத்தி.

நம்ம கடல் மட்டும் விதிவிலக்கா? தென்னிந்தியாவை ஒட்டிய வங்காள விரிகுடாவில் கிடைத்த டால்பின்களைச் சோதித்த ஆய்வு 1993-லேயே வெளிவந்தது. டிடிடி, ஹெச்சிஹெச், பிசிபி மூன்றுமே அவற்றின் உடம்பில் இருந்தன. வயலில் அடித்ததும் வந்திருக்கு, தொழிலில் ஊற்றியதும் வந்திருக்கு. 30 வருஷத்துக்கு மேல் ஆச்சு. எந்த மேடையிலாவது இதை யாராவது பேசிக் கேட்டிருக்கீங்களா?

ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் இந்தியாவும் இருக்கு. 2016-ல் ஒன்றிய அரசு பிசிபி ஒழுங்குமுறை ஆணை போட்டது. எந்த வடிவிலும் பிசிபி பயன்பாட்டை நிறுத்த அது வைத்த கெடு 2025 டிசம்பர் 31. ஆணை போடுவது சுலபம். கணக்கு எங்கே? பழைய டிரான்ஸ்ஃபார்மர் எல்லாத்திலும் பிசிபி இருக்குன்னு நாம சொல்லல. எண்ணெயைச் சோதிச்சாத்தான் தெரியும். எத்தனையைச் சோதிச்சீங்க, எத்தனையில் இருந்தது, வடித்த எண்ணெய் எங்கே போனது என்பதுதான் நம் கேள்வி. மூடிய ஆலையின் டிரான்ஸ்ஃபார்மர் காயலாங்கடைக்குப் போய், செம்புக்காக உடைக்கப்பட்டு, எண்ணெய் மண்ணில் கொட்டினால் அடுத்த மழையில் ஆறு, அப்புறம் கடல். கையுறைகூட இல்லாமல் அதை உடைப்பவரும் நம்ம ஆள்தான்.

மாவட்டவாரியாக இந்தக் கணக்கை மின்வாரியமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பொதுவில் வெளியிட வேண்டும் என்று கேட்கிறோம். தோழர்கள் தங்கள் மாவட்டத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்க. பழைய டிரான்ஸ்ஃபார்மர் கேட்பாரற்றுக் கிடந்தால், எண்ணெய் ஒழுகினால், கையால் தொடாதீங்க. தள்ளி நின்று படம் எடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு இங்கே கமெண்ட்டில் போடுங்க. வர்ற பதிலையும் போடுங்க, வராத பதிலையும் போடுங்க.

#பிசிபி_கணக்கை_வெளியிடு